ஐ உருபும் வீரமாமுனிவரும்

வேற்றுமை என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்ட நினைக்கும் நண்பர்களே, சற்றுப் பொறுங்கள்! வேதியியல் படிப்பவனுக்கு இலக்கணத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பது நியாயமே. சென்ற ஆண்டுவரை நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

மாலை வேளைகளில் மிஷன் வீதிப் பக்கம் ஒரு வாடகை சைக்கிள் கடையில் கணக்கு எழுதுகிறேன். சென்ற மார்கழியில் சைக்கிள் எடுக்க வந்த சுலோவாக்கிய நாட்டு மாணவர் ஒருவர், மழைக்காகக் கடையிலேயே ஒதுங்கி நின்றார். என் அரைகுறை ஆங்கிலத்தில் பேச்சு வளர்ந்தது. அவர் தாய்மொழியைக் கற்க வரும் அயலார் இடறி விழும் இடங்களுள் ஒன்று இரண்டாம் வேற்றுமையாம். ஆண்பால் பெயர்களை அவர்கள் உயிருள்ளவை, உயிரற்றவை எனப் பிரிக்கிறார்கள். ஆடவனைக் குறிக்கும் 'ஹ்லப்' என்ற சொல், அவனைக் கண்டேன் என்னும்போது 'ஹ்லபா' ஆகிறது. ஆறாம் வேற்றுமை வடிவமே அங்கு வந்து நின்றுகொள்கிறது. கருவாலி மரத்தைக் குறிக்கும் 'டுப்' என்ற சொல்லோ, கண்டாலும் வெட்டினாலும் 'டுப்'தான். நாயின் நிலைமை வேடிக்கையானது. ஒருமையில் மனிதனோடு சேரும். பன்மையில் பெரும்பாலும் மரத்தோடு போய்விடும்!

தமிழில் இப்படி உண்டா என்று அவர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அது தவறு என்பது அன்றிரவே தெரிந்தது. என் தந்தையார் பெரிய மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். வேலை முடிந்து வந்தவர், தண்ணீர் கொண்டு வா என்றார்; பிறகு தம்பியைக் கூப்பிடு என்றார். தண்ணீருக்கு ஐ வேண்டியிருக்கவில்லை, தம்பிக்கு வேண்டியிருந்தது. 'தம்பி கூப்பிடு' என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் நம் தமிழ்த் துறைப் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். உயர்திணைப் பெயரில் ஐ உருபு ஒழியாது வரும் என்பதைத் தொல்காப்பியர் தொகைமரபிலேயே கூறிவிட்டார் என்று சிரித்தார். அத்துடன் வீரமாமுனிவர் வரலாற்று நூல் ஒன்றையும் கையில் கொடுத்தார். நமக்குத் தாய்ப்பாலோடு வந்ததை முப்பது வயதில் உட்கார்ந்து கற்றவர் அவர்.

கான்சுடன்டைன் சோசப் பெசுகி 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இத்தாலியில் காசுதிகிலியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710-இல் கோவாவில் இறங்கி, அடுத்த ஆண்டு தமிழகம் வந்தார். காமநாயக்கன்பட்டி, ஏலாக்குறிச்சி, விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பம் ஆகியவை அவர் கால் பட்ட ஊர்கள். தம் பெயரைத் தைரியநாதர் என்று தமிழாக்கிக் கொண்டார். வீரமாமுனிவர் என்பது பின்னர் நிலைத்த பெயர். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் பயின்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

அவர் கற்ற பாட்டை எண்ணிப் பாருங்கள். அவருடைய இத்தாலிய மொழியில் பெயர்ச்சொல் வேற்றுமை உருபு ஏற்பதே இல்லை. அவர் ஓதிய இலத்தீனில் உருபு உண்டு. ஆனால் அங்கே மனிதனும் கல்லும் ஒன்றுபோலவே அதை ஏற்கும். தமிழுக்கு வந்தவுடன், வாய் திறப்பதற்கு முன்பே, பேசப்படுவது ஆளா பொருளா என்று பார்க்க வேண்டியதாயிற்று. கல் எடுத்தான் எனலாம். கல்லை எடுத்தான் என்றால் அது குறிப்பிட்ட ஒரு கல். கண்ணனுக்கு அந்தச் சலுகை கிடையாது. கண்ணனை அழைத்தான் என்றே ஆக வேண்டும். அந்த மாமுனிவரும் தொடக்க நாள்களில் எத்தனை முறை தடுமாறியிருப்பாரோ!

ஆனால் தடுமாறியவராக அவர் நின்றுவிடவில்லை. 1726-இல் 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை முடித்தார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஐந்தையும் அடக்கித் தொன்னூல் விளக்கம் செய்தார். 1732-இல் சதுரகராதி எழுந்தது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டைக் காட்ட அவர் செய்த வரிவடிவத் திருத்தத்தில்தான் இந்த மலரும் அச்சாகியிருக்கிறது.

இவற்றையெல்லாம்விட என்னைக் கட்டிப்போட்டது வேறொரு நூல். செந்தமிழுக்குத் தனியே இலக்கணம் எழுதியவர், மக்கள் நாவில் வழங்கும் கொடுந்தமிழுக்கும் 1728-இல் இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். கொள்கையில் அவரோடு கடுமையாக மோதிய தரங்கம்பாடி லுத்தர் சபையாரே 1738-இல் அதைத் தங்கள் அச்சகத்தில் அச்சிட்டார்கள் என்றால் அதன் பெருமைக்கு வேறு சான்று வேண்டுமா? பள்ளிக்கூடத்தில் ஒருமுறை நான் எழுந்து பேசியபோது என் வீட்டுத் தமிழைக் கேட்டு வகுப்பே சிரித்தது. அரையாண்டுக்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. எங்கள் தெருத் தமிழ் இலக்கணமற்றது என்றே நம்பியிருந்தேன். அதற்கும் விதி உண்டு என்று ஓர் அயல்நாட்டார் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்! நூலகத்தில் இதைப் படித்த அன்று மாலை கடைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினேன்.

பரமார்த்த குரு கதை நம் அனைவருக்கும் தெரியும். தமிழ் கற்க வந்த தம்மைப் போன்றோர் எளிய உரைநடையில் பழகுவதற்குப் பயன்படட்டும் என்று எழுதப்பட்ட கதை அது. குதிரையில் போகும் குரு, கீழே விழுந்தால் எடுக்க வேண்டியவற்றை ஓலையில் எழுதிக் கொடுக்கிறார். பின்னர் அவரே குழியில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் பார்த்து ஆடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு குருவை விட்டுவிடுகிறார்கள். ஓலையில் அவர் பெயர் இல்லையே! இறுதியில் குழியில் கிடந்தபடியே தம்மையும் எடுக்குமாறு அவர் எழுதிக் கொடுக்க வேண்டியதாகிறது. சிறு வயதில் இதற்கு விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அந்த ஓலையில் எனக்கு ஐ உருபு தெரிகிறது. தலைப்பாகை எடு, வேட்டி எடு என்று எழுதலாம். குரு எடு என்று எழுத முடியாது.

முனிவர் 1747-இல் கேரளத்து அம்பழக்காட்டில் மறைந்தார். நூறாண்டு கழித்து, 1851 முதல் 1853 வரை, தேம்பாவணி மூன்று பகுதிகளாக அச்சேறியது நம் புதுவையில்தான். நான் கணக்கு எழுதும் கடையிலிருந்து அந்த மிஷன் அச்சகம் நடந்து போகும் தூரம்.

ஒன்று மட்டும் எனக்குச் சிக்கலாகவே இருந்தது. உயர்திணைக்கு ஐ தவறாது என்றால், பெண் பார்க்கப் போகிறோம், மாப்பிள்ளை தேடுகிறோம், ஆள் அனுப்பு என்பவை எப்படி வந்தன? பேராசிரியர்கள் பிழையிருந்தால் பொறுத்தருள்க. எனக்குத் தோன்றுவது இதுதான். இன்னார் என்று எண்ணாதபோது மனிதனுக்கும் ஐ போய்விடுகிறது. பெண் பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்து பெண்ணைப் பார்த்தோம் என்கிறார்கள். அதற்குள் அவளுக்கு ஒரு முகம் வந்துவிடுகிறது.

இந்தக் கட்டுரையை எழுதும்போது, லாரி வந்தால் மார்க்கெட்டில் எப்படிச் சொல்லி அனுப்புவார்கள் என்று தந்தையாரிடம் கேட்டேன். நாலு ஆள் கூப்பிடு என்பார்களாம். சற்று யோசித்துவிட்டு, வெங்காய மண்டிக் கணக்கப்பிள்ளை ஒருவர் மட்டும் பெயர் சொல்லி, அவரைக் கூப்பிடு என்பார் என்றார். அந்த மண்டி மூட்டையைத்தான் அவர் முதலில் இறக்குவாராம்.