அயலார் இல்லத்தில் விவேகானந்த சுவாமிகள்

விருந்தோம்பல் தமிழ்மக்களின் பழம்பெரும் அறம். வள்ளுவனார் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். ஆயினும், விருந்தினரைப் பேணும் முறையை விரித்துரைத்த அளவுக்கு, விருந்தினராய்ச் செல்வோர் ஒழுகவேண்டிய முறையை நம்மவர் விரித்துரைத்தாரல்லர். நம் கல்லூரிகளிற் பயின்ற இளைஞர் பலர் மேற்படிப்பின் பொருட்டுக் கடல்கடந்து சென்று, முன்பின் அறியாத குடும்பங்களோடு வாழ நேர்கின்றது. ஆதலால் அம்முறையைச் சிறிது ஆராய்தல் பொருத்தமாகும். சுவாமி விவேகானந்தரை நாவலராகவும் வேதாந்த ஆசானாகவும் யாவரும் அறிவர். அவர் அயலார் இல்லங்களில் விருந்தினராய் வாழ்ந்த திறத்தை அறிந்தோர் சிலரே. அதனையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1863ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்து, இராமகிருஷ்ண பரமஹம்சரிடம் உபதேசம் பெற்றுத் துறவு பூண்ட சுவாமிகள், 1893 மே 31இல் பம்பாயிற் கப்பலேறினார். சென்னை அன்பர்கள் வீடுவீடாகச் சென்று திரட்டிய பொருளும் கேத்திரி மன்னரின் உதவியுமே அவருக்கு வழித்துணை. சிக்காக்கோவை அடைந்தபின்னரே, சர்வமத மகாசபை செப்டெம்பரிலேதான் கூடும் என்பதும், அறிமுகப் பத்திரம் இல்லாதவர் அதிற் பேசவியலாது என்பதும் தெரியவந்தன. கையிலிருந்த பணமோ நாடோறும் கரைந்தது. செலவு குறைவென்று கேள்வியுற்றுப் பொஸ்ரன் நகரை நோக்கிப் புகையிரதம் ஏறினார்.

அப்பயணத்திற் சந்தித்த கேற் சான்போர்ண் என்னும் மூதாட்டியார், தமது பண்ணை வீட்டுக்கு வருமாறு அவரை அழைத்தார். அவ்வம்மையாருக்குச் சுவாமிகள் முதலில் ஒரு காட்சிப் பொருள். கீழைத்தேயத்து அதிசயமாக நண்பர்களுக்குக் காட்டத் தக்கவர். இதனைச் சுவாமிகள் நன்குணர்ந்திருந்தார். சென்னை அன்பருக்கு எழுதிய கடிதத்தில் நகையாடியும் எழுதினார். ஆயினும் முகஞ்சுளித்தாரில்லை. தெருவில் அவருடைய உடையைக் கண்டு மக்கள் கூக்குரலிட்டபோது, இல்லத்துப் பெண்மணிகள் கூறிய அறிவுரையை ஏற்று நீண்ட கருஞ்சட்டை அணிந்தார். காவியுடையையும் தலைப்பாகையையும் சொற்பொழிவு மேடைக்கென வைத்துக்கொண்டார். விட்டுக்கொடுக்கத் தக்கது எது, விடத்தகாதது எது என்னும் தெளிவு அவரிடம் இருந்தது. அவ்வம்மையாரின் தொடர்பினாலேயே ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக் கிரேக்கமொழிப் பேராசிரியர் றைற் அவர்களின் நட்புக் கிட்டிற்று. அப்பேராசிரியர் தந்த அறிமுகக் கடிதமே மகாசபையின் கதவைத் திறந்தது.

சிக்காக்கோவுக்கு மீண்டபோது, செல்லவேண்டிய இடத்தின் முகவரி தவறிப்போயிற்று. இரவைப் புகையிரத நிலையச் சரக்குப் பகுதியிற் கழித்தார். மறுநாட் காலை செல்வர் வாழும் தெருவிலே, இந்தியத் துறவியின் வழக்கப்படி வீடுதோறும் உதவி வேண்டினார். வேலையாட்கள் வைது துரத்தினர். சோர்ந்து தெருவோரத்தில் அமர்ந்திருந்தவரை எதிர்வீட்டு அம்மையார் கண்டு, உள்ளே அழைத்து, உணவும் ஓய்வும் தந்து, மகாசபை அலுவலகத்துக்கும் அழைத்துச் சென்றார். அவரே ஜோர்ஜ் ஹேல் என்பாரின் மனைவியார்.

மகாசபை நடைபெற்ற நாட்களிற் சுவாமிகளைத் தம் இல்லத்தில் ஏற்றவர் ஜோன் லயன் என்னும் வணிகர். அவ்வேளையில் அங்கே அமெரிக்கத் தென்மாநிலத்து நண்பர்கள் சிலரும் தங்கியிருந்தனர். நிறவேற்றுமை பாராட்டும் அவர்கள், கரிய மேனியர் ஒருவரோடு ஒருங்கிருந்து உண்ண உடன்படார் என லயன் அம்மையார் அஞ்சினார்; சுவாமிகளை அயலிலுள்ள விடுதியொன்றில் தங்கவைக்கலாமா என்றும் எண்ணினார். காலையுணவுக்கு முன் சுவாமிகளோடு அரைமணி நேரம் உரையாடிய லயன், ஏனையோர் யாவரும் வெளியேறினும் கவலையில்லை, இவர் இங்கேயே இருப்பார் என முடிவுரைத்தார். இல்லத்தாருக்கும் இழக்க ஒன்றுண்டு என்பதை விருந்தினர் மறத்தலாகாது.

அவ்வீட்டில் ஆறு வயதுப் பேர்த்தி ஒருத்தி இருந்தாள். ஆயிரக்கணக்கானோர் கேட்கத் துடித்த அந்நாவிலிருந்து, குரங்குகளும் மயில்களும் பச்சைக்கிளிக் கூட்டங்களும் ஆலமரங்களும் நிறைந்த கதைகளை அவள் மடியிலிருந்து கேட்டாள். சொற்பொழிவுகளாற் கிடைத்த நாணயங்களைச் சுவாமிகள் கைக்குட்டையில் முடிந்துவந்து, பெருமையோடு லயன் அம்மையாரின் மடியிற் கொட்டுவார். அவரோ அந்நாட்டு நாணயங்களை எண்ணும் வகையைத் தாய்போற் கற்பித்தார். தபாஸ்கோ என்னும் உறைப்பான மிளகாய்ச்சாற்றைச் சுவாமிகள் விரும்பியூற்றி உண்பதைக் கண்டு, அதனை அவர் பக்கத்தில் வைக்கவும் ஒழுங்குசெய்தார். அன்பு இவ்வாறான சிறு செயல்களாலன்றோ வளர்கின்றது!

பின்னர் ஹேல் குடும்பத்தின் இல்லமே அமெரிக்காவிற் சுவாமிகளின் தாய்வீடாயிற்று. அக்குடும்பத் தலைவரைத் தந்தை எனவும் தலைவியைத் தாய் எனவும் கொண்டார். கிறித்தவ மரபையொட்டி இருவருக்கும் வேடிக்கைப் பெயர்களும் சூட்டினார். அவர்தம் புதல்வியர் இருவரும், உறவுப் பெண்கள் இருவரும் அவருக்குத் தங்கையராயினர். மகாசபையிலே மாற்றாரைச் சகோதரிகள், சகோதரர்கள் என விளித்தது மேடையலங்காரமன்று என்பதற்கு அவ்வில்லமே சான்று.

நல்ல விருந்தினர் எதற்கும் தலையாட்டுபவர் என எண்ணுவது தவறு. வாதமொன்றிற் சுவாமிகள் கடுமையாகப் பேசியதைத் தங்கை மேரி ஹேல் கண்டித்தபோது, உலகினரை மகிழ்விப்பதற்காக உண்மையை இனிப்பாக்குதல் தமக்கு இயலாதென்று 1895 பெப்ரவரியில் அவர் எழுதினார். உறவு முறியவில்லை, பூசல் கவிதைக் கடிதங்களாக மாறி, நகைப்பில் முடிந்தது. இல்லத்தார் இட்ட உணவை அவர் உண்டது குறித்துத் தாய்நாட்டிற் சிலர் குறைகூறினர். இந்து உணவே வேண்டுமெனின் சமையற்காரனையும் அவனுக்கான பொருளையும் அனுப்புக என்பதே அவர்தம் விடை.

புகழோடு மீண்ட சுவாமிகள் 1897 சனவரி 15இல் கொழும்பில் இறங்கினார். அம்மாதம் 24ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடைந்து, இந்துக் கல்லூரியில் வரவேற்பை ஏற்று, வேதாந்தம் பற்றி உரையாற்றினார். தீவட்டி ஒளியில் அவரை அழைத்துச்சென்ற நம் முன்னோர், மூன்றரையாண்டுகளுக்கு முன் தெருவோரத்தில் பசித்திருந்த ஒருவரையே கொண்டாடினர்.

இரண்டாம் முறை அமெரிக்கா சென்றகாலை, 1900ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், கலிபோர்ணியாவின் தெற்குப் பசடீனாவில் மீட் சகோதரியரின் சிறிய மரவீட்டில் ஏறக்குறைய ஆறு கிழமை தங்கினார். உலகறிந்த அப்பெரியார் அங்கே தரையிலமர்ந்து சரக்கு அரைத்தார், சப்பாத்தி சுட்டுப் பிள்ளைகளை மகிழ்வித்தார், அவர்களோடு விளையாடினார். அவ்வீடு இன்றும் நினைவிடமாகப் பேணப்படுகின்றது. கலிபோர்ணியாவிலிருந்த அந்நாட்களிலேதான் ஹேல் பெரியவர் மறைந்த செய்தி எட்டிற்று. துறவுப் பயிற்சியையும் கடந்து தம் நெஞ்சம் வருந்துவதை மறையாது, அவர் மேரிக்குக் கடிதம் எழுதினார். 1902 சூலை 4இல் அவர் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டிலும் மேரிக்குக் கடிதம் சென்றது. விருந்து முடிந்தபின்னும் நன்றி முடியவில்லை.

கடல்கடந்து செல்லும் இளைஞர்காள், நீவிர் தங்கும் வீட்டின் வழக்கங்களை உவந்து ஏற்பீராக. அடுக்களையிற் கைகொடுப்பீராக. குழந்தைகளுக்கு நம் நாட்டுக் கதைகளைக் கூறுவீராக. நும் கொள்கையை மறையாது, ஆயின் மாண்போடு உரைப்பீராக. மீண்டபின் கடிதம் எழுத மறவாதிருப்பீராக. நும்மை ஏற்ற இல்லத்தார் நம் நாட்டினர் வேறெவரையும் கண்டிராதிருக்கலாம். நும்மைக் கொண்டே நம் நாட்டை மதிப்பிடுவர். பின்னர் அவ்வாயிலுக்கு வரும் நம்மவர்க்குக் கதவு திறப்பதும் அடைபடுவதும் நும் கையிலேயே உள்ளது.