ஆராய்ச்சி மாணவர்க்கு ஓர் ஆதர்சம்: கே. எஸ். கிருஷ்ணன்

விழா மலரிலே பழைய மாணவர் பலர் தத்தம் கல்லூரி நினைவுகளை வரைகின்றனர். நாம் எழுதப் புகுவதோ, நமது கல்லூரி வாயிலை ஒருநாளும் மிதியாத ஒருவரைப் பற்றியாகும். நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் வள்ளமேறிக் குறிகட்டுவானில் இறங்கி, அப்பால் பஸ்ஸேறிக் கல்வி தேடிச் செல்லும் நம் தீவகப் பிள்ளைகள் அவர் வரலாற்றை அறிதல் வேண்டும் என்பது நமது விருப்பம்.

கரியமாணிக்கம் சீனிவாசக் கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் திகதி தமிழகத்து வத்திராயிருப்பிலே பிறந்தார். தந்தையார் தமிழும் வடமொழியும் கற்றவர். திருவில்லிபுத்தூரில் ஓர் இந்துப் பாடசாலையிற் பயின்ற கிருஷ்ணன், பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் கற்றார். கற்ற கல்லூரியிலேயே இரசாயனச் செய்முறை காட்டும் ஆசிரியராகவும் அமர்ந்தார். அங்கே நண்பகல் உணவு வேளையில் மாணவர் கூடி, பௌதிகமாயினும் கணிதமாயினும் தாம் விரும்பியதை அவரிடம் வினவலாம். அயற் கல்லூரி மாணவரும் அக்கூட்டத்தை நாடி வந்தனர் என்றால் அதன் சிறப்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கையிலிருந்த உத்தியோகத்தோடு அவர் மனம் அமைந்துவிடவில்லை. 1920ஆம் ஆண்டில் மேற்படிப்பு நாடிக் கல்கத்தா சென்றார். 1923இல் பேராசிரியர் சி. வி. இராமனின் ஆராய்ச்சித் துணைவரானார். அவர்கள் உழைத்த இடம் மகேந்திரலால் சர்க்கார் என்னும் வைத்தியர் 1876இல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம். செல்வரும் கல்விமான்களும் ஈந்த பொருளால் எழுந்த அக்கூடம், ஊர்விட்டு ஊர்வந்த இளைஞர் பலருக்குத் தாய்வீடு போன்றிருந்தது.

1928ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். கிருஷ்ணன் சில காலமாகக் கணக்கிலும் கொள்கையிலுமே ஆழ்ந்திருந்தார். செய்முறையை விட்டு நெடுநாள் விலகியிருத்தல் விஞ்ஞானிக்கு நன்றன்று எனக் கண்ட இராமன், அவரை மீண்டும் ஆய்வு மேசைக்கு அழைத்தார். தொலைநோக்கி வில்லையாற் குவித்த சூரிய ஒளியை, நிறக்கண்ணாடியால் வடித்து, தூய திரவத்தினூடே செலுத்தினர். சிதறி வந்த ஒளியில், புகுந்த நிறத்தோடு புகாத வேறொரு நிறமும் கலந்திருந்தது. அறுபது திரவங்களளவில் சோதித்தும் முடிபு மாறவில்லை. அம்மாதம் 16ஆந் திகதி எழுதப்பெற்ற முதற் கடிதம் ஆசிரியர், மாணவர் ஆகிய இருவர் பெயரையும் தாங்கி, "நேச்சர்" இதழில் வெளிவந்தது.

1930இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே கிடைத்தது; கண்டுபிடிப்பும் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. கிருஷ்ணனின் பங்கு யாது என்னும் வினா அன்று தொட்டு அறிஞர் நடுவே எழுந்துகொண்டேயிருக்கிறது. பரிசுப் பேருரையிலே இராமன் அவர் பெயரைக் குறிப்பிட்டார் என்பதையும் நாம் மறத்தலாகாது. மாணவன் உழைப்புக்கு உரிய பெயரை வழங்குதல் ஆசிரியனின் கடன். அப்பெயர் குறைந்தவிடத்தும் உழைப்பைக் கைவிடாமை மாணவனின் பெருமை. கிருஷ்ணன் இப்பெருமைக்குச் சான்றாயினார்.

1928ஆம் ஆண்டின் இறுதியிலே அவர் டாக்காப் பல்கலைக்கழகம் சென்றார். சத்தியேந்திரநாத் போஸ் அப்போது அங்கே பேராசிரியர். நேற்று வரை பிறரிடம் கற்றவர், இப்போது குகா, பானர்ஜி முதலிய இளைஞர்க்கு வழிகாட்டியானார். மெல்லிய இழையிலே சிறு பளிங்கைத் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது திரும்பும் திறத்தால் அதன் உள்ளமைப்பை ஆராய்ந்தனர். பளிங்கின் காந்தத்தன்மையை அளக்கும் ஒரு முறை இன்றும் கிருஷ்ணன், பானர்ஜி இருவர் பெயராலும் வழங்குகின்றது. தமக்கு முழுமையாக வாய்க்காததைத் தம் மாணவர்க்கு அவர் வாய்க்கச் செய்தார் என்றே நாம் கொள்ளுகின்றோம்.

1933இல் கல்கத்தாச் சங்கத்திற்கே பேராசிரியராக மீண்டார். 1940இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர்; 1947இல் புதுடில்லித் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் இயக்குநர். விஞ்ஞானத்தைத் தமிழிலே எழுதவும் பேசவும் அவர் பின்நிற்கவில்லை. 1961 யூன் 14ஆந் திகதி மறைந்தார்.

இனி நம்மவரை நோக்குவோம். 1974இல் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபின், பௌதிகம் கற்கக் கொழும்புக்கும் பேராதனைக்கும் போயே தீரவேண்டும் என்ற நிலை நீங்கிற்று. எனினும், முதற் பட்டம் பெற்றவுடனே உத்தியோகம் தேடும் கட்டாயம் தீவக வீடுகளில் இன்னும் நீங்கவில்லை. தங்கையின் கல்யாணமும் தந்தையின் கடனும் கண்முன் நிற்கையில், இன்னும் மூன்றாண்டு ஆராய்ச்சி செய்கிறேன் என்று எப்பிள்ளை வாய்திறந்து கூறும்? அறிவிற் குறையாத மாணவர் இங்ஙனம் பாதிவழியில் நின்றதை நாம் வகுப்பறை வாழ்விற் கண்டிருக்கின்றோம்.

பழைய மாணவர்களே, ஒரு வைத்தியர் தொடங்கிய சங்கமே இராமனுக்கும் கிருஷ்ணனுக்கும் இடங்கொடுத்தது. இவ்விழாவின் நினைவாக ஒரு மண்டபத்துக்குக் கல் நாட்டுதல் நன்று. மேற்படிப்பில் நிற்கும் ஒரு பிள்ளையின் மாதச் செலவை ஏற்றல் அதனினும் நன்று. மாணவர்களே, விளங்காததை வினவுங்கள். விளங்கியதை நண்பகல் வேளையில் மற்றவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். கிருஷ்ணன் தொடங்கியதும் அங்கேதான்.