9 ஆண்டு காத்திருப்பை ஒரு மேகம் கெடுத்த கதை: புதுச்சேரிக்கு வந்த வானியலாளர் லெ ஜான்டி யார்?

தொலைதூர நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? கோள் தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது அதன் வெளிச்சம் துளியூண்டு குறையும். அதை அளந்தே கெப்ளர் தொலைநோக்கி 2,600-க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டறிந்தது. இதே மாதிரி ஒரு கடப்பை நம்ம சூரியனில் பார்க்க, 250 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் புதுச்சேரிக்கு வந்தார்.

யார் அவர்?

1725-ல் பிரான்ஸில் பிறந்த கியோம் லெ ஜான்டி. சூரியனை வெள்ளிக் கோள் கடக்கும் நேரத்தை உலகின் பல இடங்களில் அளந்தால், சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். அதற்காக 1760-ல் கப்பல் ஏறினார்.

முதல் வாய்ப்பு என்ன ஆச்சு?

அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடிச்சுட்டாங்க. கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில் இருந்தே கடப்பைப் பார்த்தார். ஆடும் கப்பலில் துல்லியமாக அளக்க முடியாததால் பலன் இல்லை.

அடுத்த கடப்பு 1769-ல். ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட முடிவெடுத்தார்.

புதுச்சேரியில் என்ன செய்தார்?

இடையில் மணிலா போனவர், 1768 மார்ச்சில் புதுச்சேரி வந்தார். ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. இடிந்த கோட்டையின் மேல் அவருக்கு ஆய்வுக்கூடம் கட்டித் தந்தார்கள். சென்னையிலிருந்து ஆங்கிலேயர் தொலைநோக்கி அனுப்பினார்கள். சும்மா இருக்காமல், தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையையும் கற்றுக்கொண்டார்.

1769 ஜூன் 4 காலை...

அதுவரை தெளிவாக இருந்த வானம் அன்று பார்த்து மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பிறகுதான் சூரியன் வெளியே வந்தது. அவர் விட்டுவிட்டு வந்த மணிலாவிலோ அன்று வானம் பளிச்சென்று இருந்தது!

பிறகு?

வயிற்றுக்கடுப்பு, புயல் எல்லாவற்றையும் தாண்டி 1771-ல் பிரான்ஸ் சேர்ந்தார். அங்கே அவர் இறந்துவிட்டதாகவே நினைத்திருந்தார்கள். சொத்தைப் பங்கு போட உறவினர்கள் தயார். அறிவியல் கழகத்தில் அவர் இடமும் போயிருந்தது. அந்த இடத்தைத் திரும்பப் பெற்றார், திருமணம் செய்தார், மகள் பிறந்தாள், இந்தியப் பயணத்தை நூலாக எழுதினார். 1792-ல் காலமானார். அடுத்த கடப்பு வந்ததோ 1874-ல்தான்.

நாம் பார்க்க முடியுமா?

கடைசிக் கடப்பு 2012 ஜூன் 6 அன்று நடந்தது. மேகம் இல்லாவிட்டால் திருக்கனூர், வில்லியனூர், பாகூர் பக்கமெல்லாம் சூரிய உதயத்திலிருந்தே தெரியக்கூடியது. அன்று தவறவிட்டவர்களுக்கு அடுத்த வாய்ப்பு 2117 டிசம்பரில்தான்.