உயிரணுவின் மூச்சைக் கண்ட கெய்லின்

உண்ணாமல் சில நாள் உயிர் வாழலாம். நீர் பருகாமலும் ஓரிரு நாள் பொறுக்கலாம். மூச்சு விடாமல் சில மணித்துளிகளும் தாங்க இயலாது. இதனை அறியாதார் எவருமிலர். ஆயினும், நாம் உள்ளிழுக்கும் காற்று உடலினுள் சென்று என்ன செய்கின்றது என்று கேட்பின், நுரையீரலுக்குச் செல்கின்றது என்ற அளவிலே பலரும் நின்றுவிடுவர். நுரையீரல் வாயில் மட்டுமே. காற்றிலுள்ள உயிர்வளி அவ்வாயிலைக் கடந்து, குருதியிற் கலந்து, உடலெங்கும் உள்ள எண்ணிறந்த உயிரணுக்களைச் சென்று சேர்கின்றது. அங்கேதான் உணவு மெல்ல எரிந்து, உடலுக்கு வேண்டிய ஆற்றல் பிறக்கின்றது. உயிரணு விடும் இம்மூச்சினைத் தம் கண்ணாலேயே கண்டு, அதற்குக் காரணமான பொருளுக்குப் பெயரும் இட்டவர் டேவிட் கெய்லின் என்னும் அறிஞர். அவர் கண்ட உண்மை பெரிது. அதனை முன்பே கண்டும் உலகத்தால் புறக்கணிக்கப்பட்ட ஒருவர்க்கு அவர் செய்த நீதி அதனினும் பெரிது.

பிறப்பும் இளமையும்

கெய்லின் 1887ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள் மாஸ்கோ நகரில் பிறந்தார். அவர்தம் பெற்றோர் போலந்து நாட்டு யூத மரபினர். சில ஆண்டுகளில் அக்குடும்பம் வார்சா நகருக்குத் திரும்பியது. இளமையிலேயே அவரை ஈளைநோய் பற்றிக்கொண்டது. அதனால் பத்து வயது வரை அவர் பள்ளிக்குச் செல்ல இயலாமல் வீட்டிலேயே கல்வி கற்றார். தம் மூச்சுக்கே இடர்ப்பட்ட அச்சிறுவர், பிற்காலத்தில் உயிர்களின் மூச்சினை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டது நினைந்து வியத்தற்குரியது.

1904ஆம் ஆண்டில் அவர் பெல்சிய நாட்டு லியேசு நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். பின்னர்ப் பாரிசு மாநகரை அடைந்தார். இரவும் பகலும் நோயாளரிடையே உழலும் மருத்துவத் தொழில் தம் உடல்நிலைக்கு ஒவ்வாதென உணர்ந்து, உயிர்நூல் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். காலேரி என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடம் அவரை ஏற்றுக்கொண்டது. அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள், பிறர் கண்டால் முகஞ்சுளிக்கும் ஈக்களும் புழுக்களுமே. மண்புழுவின் உடலினுள் புகுந்து வளரும் ஒருவகை ஈயின் புழுவைப் பற்றி 1909ஆம் ஆண்டில் தம் முதற் கட்டுரையை வெளியிட்டார். சிறிய உயிரெனப் புறக்கணியாமல் பொறுமையோடு உற்று நோக்கும் பழக்கம் அவருக்கு அப்போதே கைவந்தது. 1915ஆம் ஆண்டில் நட்டால் என்னும் பேராசிரியரின் அழைப்பினை ஏற்று இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்சுக்குச் சென்றார். அதன்பின் இறுதி வரை அந்நகரே அவர்தம் இல்லமாயிற்று.

ஈயிலிருந்து ஈஸ்ட்டு வரை

குதிரையின் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு வளரும் ஈப்புழு ஒன்று உண்டு. அதன் உடலில், நம் குருதிக்குச் செந்நிறம் தரும் ஈமோகுளோபின் என்னும் பொருள் உள்ளது. புழு ஈயாக மாறியபின் அச்செந்நிறப் பொருள் என்னாகின்றது என்று அறியக் கெய்லின் விரும்பினார். அதற்கு அவர் துணைக்கொண்ட கருவி நிறமாலைகாட்டி.

அக்கருவியின் இயல்பை ஈண்டுச் சிறிது அறிதல் வேண்டும். வெண்ணிற ஒளி முப்பட்டைக் கண்ணாடியினூடே செல்லும்போது வானவில் போல் பல நிறங்களாகப் பிரிகின்றது. ஒளி வரும் வழியில் நிறமுள்ள பொருளொன்றை வைத்தால், அது சில நிறங்களை விழுங்கிவிடும். விழுங்கப்பட்ட இடங்களில் கரிய பட்டைகள் தோன்றும். ஒவ்வொரு பொருளுக்கும் அப்பட்டைகள் வெவ்வேறு இடங்களில் அமையும். ஆதலின் கைரேகை கொண்டு ஆளை அறிவது போலப் பட்டைகளைக் கொண்டு பொருளை அறியலாம்.

கெய்லின் வளர்ந்த ஈயின் மார்புத் தசையை அக்கருவி பொருத்திய நுண்ணோக்கியால் நோக்கினார். ஈமோகுளோபினுக்குரிய பட்டைகள் அங்கே இல்லை. அவற்றின் வேறாகிய நான்கு பட்டைகள் தெளிவாகத் தோன்றின. புழுவினின்று வந்த பொருளோ என ஐயுற்று, அத்தகைய புழுப்பருவம் இல்லாத பிற பூச்சிகளையும் சோதித்தார். அவற்றிலும் அதே நான்கு பட்டைகள் இருந்தன. நுண்ணுயிர்களிலும், ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டிலும் அவையே காணப்பட்டன.

ஒரு நாள் ஈஸ்ட்டு கலந்த நீரைச் சோதனைக் குழாயிலிட்டு நோக்கினார். நான்கு பட்டைகளும் இருந்தன. குழாயை நன்கு குலுக்கி மீண்டும் நோக்கினார். பட்டைகள் மறைந்துவிட்டன! தாம் ஏதோ பிழை செய்துவிட்டதாக எண்ணி மறுபடியும் நோக்குவதற்குள் அவை மீண்டும் தோன்றிவிட்டன. பல முறை செய்தும் இதுவே நிகழ்ந்தது. காரணம் யாது? குலுக்கும்போது நீரிற் காற்று கலக்கின்றது. அக்காற்றிலுள்ள உயிர்வளியால் அந்நிறப்பொருள் மாற்றமுற, பட்டைகள் மறைகின்றன. ஈஸ்ட்டின் உயிரணுக்கள் அவ்வுயிர்வளியை விரைவிற் செலவிட்டுவிட, நிறப்பொருள் பழைய நிலையை அடைந்து பட்டைகள் திரும்புகின்றன. உயிரணு மூச்சு விடுவதையே கெய்லின் கண்முன் கண்டார். அதுகாறும் மனிதர் எவரும் இவ்வாறு கண்டதில்லை. தம் ஆராய்ச்சி வாழ்வின் மிகச் சிறந்த காட்சிகளுள் ஒன்றாக அவர் அதனைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

முன்னவர்க்குச் செய்த நீதி

தாம் கண்டதை உலகிற்கு உரைக்குமுன் கெய்லின் பழைய நூல்களையும் ஆய்விதழ்களையும் தேடிப் படித்தார். அப்போது, அந்நான்கு பட்டைகளை ஏறத்தாழ நாற்பதாண்டுகட்கு முன்பே ஒருவர் கண்டிருப்பதை அறிந்தார். அவர் பெயர் சார்லசு மக்மன். அயர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்திலுள்ள உல்வரம்ப்டன் நகரில் மருத்துவத் தொழில் புரிந்தவர். நோயாளரைக் கண்டு எஞ்சிய நேரத்தில் விலங்குகளின் தசைகளை ஆராய்ந்து, 1884ஆம் ஆண்டு முதல் தம் முடிவுகளை வெளியிட்டார். அந்நிறப்பொருள் உயிரணுவின் மூச்சுக்குத் துணைபுரிவது என்றும் கூறினார்.

ஆனால், செருமன் நாட்டுப் பேரறிஞர் ஓப்பே சைலர் அக்கூற்றை ஏற்கவில்லை. ஈமோகுளோபினுக்கு அப்பெயரை இட்டவரே அவர். மக்மன் கண்டது சிதைந்த ஈமோகுளோபினேயன்றி வேறன்று என்பது அவர்தம் கொள்கை. மக்மன் 1890ஆம் ஆண்டில் விடை எழுதினார். அவ்விடையின் கீழேயே, அவ்விதழின் ஆசிரியராகிய ஓப்பே சைலர் தம் மறுப்பினைச் சேர்த்து வாதத்தை முடித்துவிட்டார். புகழ்மிக்க பேராசிரியரின் சொல்லின்முன் மருத்துவர் ஒருவரின் சொல் எடுபடவில்லை. மக்மன் 1911ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் மறைந்தபின் 1914ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் நூலில், தம் கருத்துக்குரிய வேதியியற் சான்று வலிவற்றது என்பதை ஒப்புக்கொண்டு, என்றேனும் அப்பொருள் பாடநூல்களில் இடம்பெறும் என்ற நம்பிக்கையைக் குறித்துச் சென்றார்.

மறக்கப்பட்ட ஒருவரின் பணியை மறைத்துவிட்டுத் தாமே முதலிற் கண்டதாகக் கெய்லின் கூறியிருப்பின், தடுப்பார் எவருமிலர். அவர் அவ்வாறு செய்யவில்லை. 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் மக்மனுக்குரிய முதன்மையை எடுத்துரைத்தார். அதே வேளையில் மக்மன் செய்த பிழைகளையும் நடுநிலை பிறழாது சுட்டினார். முன்னோரைப் போற்றுதல் அவர்தம் பிழையையும் போற்றுதல் ஆகாது என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

பெயர் இட்ட திறம்

பெயரிடுவதிலும் அவர்தம் நேர்மை விளங்கிற்று. மக்மன் இட்ட பெயர்கள் திசுக்குருதிப்பொருள், தசைக்குருதிப்பொருள் என்னும் பொருள்பட அமைந்தவை. குருதியே இல்லாத ஈஸ்ட்டிலும் செடிகொடிகளிலும் காணப்படும் பொருளுக்கு அவை எங்ஙனம் பொருந்தும்? தவறான பெயர் தவறான கருத்தையும் உடன் சுமந்து திரியும். ஆதலின் கெய்லின் சைட்டோகுரோம் என்னும் புதுப்பெயர் இட்டார். உயிரணுவின் நிறப்பொருள் என்பதே அக்கிரேக்கச் சொல்லின் பொருள். தாம் அறிந்த அளவே அப்பெயரில் அமைத்தார். அறியாததை அதில் ஏற்றவில்லை. அப்பொருளின் இயைபு முற்றும் புலனாகும் வரை வழங்கும் தற்காலிகப் பெயராகவே அதனைக் கருதினார். நூறாண்டு கடந்தும் உலகெங்கும் அச்சொல்லே நிலைத்துவிட்டது.

சைட்டோகுரோம் ஒரு பொருளன்று, மூன்று பொருள்களின் கூட்டு என்பதையும் கெய்லின் காட்டினார். அவை ஏ, பி, சி என வழங்கலாயின. அந்நாளில் உயிரணுவின் மூச்சினைப் பற்றி இரு கட்சியினர் வழக்காடினர். இரும்பு பொருந்திய நொதி ஒன்று உயிர்வளியைத் தூண்டுவதே மூச்சு என்றார் ஓட்டோ வார்பர்க்கு. உணவிலுள்ள நீர்வளியைத் தூண்டுவதே மூச்சு என்றார் வீலாண்டு. இருவர் கூற்றும் ஒரு சங்கிலியின் இரு முனைகளே என்பதைக் கெய்லினின் ஆய்வு விளக்கியது.

கட்டடம் கட்டுமிடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றிக் கொடுப்பதை மாணவர்கள் கண்டிருப்பர். அதுபோலவே உணவினின்று பெறப்படும் மின்துகள்கள் ஒரு பொருளிடமிருந்து மற்றொன்றிற்குக் கைமாறிச் செல்கின்றன. சைட்டோகுரோம்களிலுள்ள இரும்பு அவற்றை ஏற்பதும் கொடுப்பதுமாக இருக்கின்றது. இறுதியில் நிற்கும் உயிர்வளி அவற்றை ஏற்று நீராகின்றது. சயனைடு நஞ்சு இவ்வரிசையின் கடைசி ஆளைக் கட்டிப்போடுவது போன்றது. அவர் கை அசையாவிடின் வரிசை முழுவதும் நின்றுவிடும். இவ்வரிசையே மூச்சுச் சங்கிலி எனப்படுகின்றது. அக்கடைசி ஆளாகிய நொதியை ஆர்ட்ரீ என்னும் துணைவரோடு கூடிக் கெய்லின் நெடுங்காலம் ஆராய்ந்தார்.

பின்னாளில், இச்சங்கிலி உயிரணுவினுள் இருக்கும் இழைமணி என்னும் நுண்ணுறுப்பில் அமைந்துள்ளது என்பது விளங்கிற்று. 1955ஆம் ஆண்டில் சான்சு, வில்லியம்சு என்னும் இருவர் இழைமணிகளின் மூச்சினை ஐந்து நிலைகளாக வகுத்தனர். இன்று ஆய்வுக்கூடங்களில் கணிப்பொறிகள் உயிர்வளியின் அளவை நொடிதோறும் கோடாக வரைந்து காட்டுகின்றன. அத்திரைகளில் விளங்கும் கலைச்சொற்களுக்கெல்லாம் அடிப்படையாய் நிற்பது, ஒரு சோதனைக் குழாயைக் குலுக்கிப் பார்த்த கண்களின் பணியே.

பண்பும் புகழும்

கெய்லின் 1931 முதல் 1952 வரை கேம்பிரிட்சில் பேராசிரியராகவும், மொல்ட்டினோ ஆய்வுக்கழகத்தின் தலைவராகவும் விளங்கினார். 1951ஆம் ஆண்டில் அரசுக் கழகம் தன் உயரிய கோப்ளி பதக்கத்தை அவருக்கு அளித்தது. நோபெல் பரிசு அவரை வந்தடையவில்லை. ஆயினும் பிறர் வளர அவர் இடங்கொடுத்தார். ஈமோகுளோபினின் வடிவத்தை ஆராய்ந்த மாக்சு பெருட்சுக்குத் தம் கழகத்தில் ஆய்வு செய்ய இடம் அளித்தார். அப்பெருட்சு 1962ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். 1978ஆம் ஆண்டில் அப்பரிசைப் பெற்ற பீட்டர் மிட்செல், தம் பரிசுரையின் தலைப்பிலேயே கெய்லினின் பெயரைப் பொறித்து நன்றி செலுத்தினார்.

1963ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27ஆம் நாள் கெய்லின் இவ்வுலக வாழ்வை நீத்தார். உயிரணு மூச்சின் வரலாற்றை அவர் எழுதி வைத்திருந்தார். அவர்தம் மகள் சோன் அதனைச் செப்பம் செய்ய, 1966ஆம் ஆண்டில் அது நூலாக வெளிவந்தது. அந்நூலிலும் மக்மனுக்குரிய இடம் மறவாது தரப்பட்டுள்ளது.

புதியது காண்பது அறிவு. கண்டதற்கு அளவறிந்து பெயரிடுவது அடக்கம். முன்பு கண்டவரை மறவாது போற்றுவது சான்றாண்மை. இம்மூன்றும் ஒருவரிடத்தே பொருந்தியிருத்தலைக் கெய்லினிடம் காண்கின்றோம். தாம் கண்ட பொருள் என்றேனும் பாடநூலில் இடம்பெறும் என மக்மன் நம்பினார் அன்றோ? மாணவர்களே, அந்நம்பிக்கை பொய்க்கவில்லை. அவர் கண்ட பொருளையும் அவர் பெயரையும் நீங்கள் இன்று உங்கள் பாடநூலிலேயே படித்தீர்கள்.