பிறந்த ஊரில் ஆன் ஃபிராங்க்

ஆன் ஃபிராங்க் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆம்ஸ்டர்டாம் நகரமும் அங்கே அவர் ஒளிந்து வாழ்ந்த வீடும்தான். ஆனால், அவரது சொந்த ஊர் ஜெர்மனியிலுள்ள பிராங்பர்ட் நகரம். அங்கு அவர் 1929ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி பிறந்தார்.

தந்தை ஓட்டோ ஃபிராங்கின் குடும்பம் பல தலைமுறைகளாக பிராங்பர்ட்டில் வாழ்ந்த யூதக் குடும்பம். முதல் உலகப் போரில் ஓட்டோ ஜெர்மானிய இராணுவத்தில் பணியாற்றியவர். தாயார் எடித், அக்காள் மார்கோட்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத மரபில் பிறந்த பிராங்பர்ட் மேயர் லுட்விக் லாண்ட்மான் அந்த ஆண்டே பதவியிழந்தார். இனி அங்கே வாழ முடியாது என்பதை உணர்ந்த ஓட்டோ, ஆம்ஸ்டர்டாமுக்குச் சென்று, ஜாம் தயாரிக்க உதவும் பெக்டின் வியாபாரத்தைத் தொடங்கினார். குடும்பமும் அவரைப் பின்தொடர்ந்தது. ஊரை விட்டுச் சென்றபோது ஆனுக்கு 4 வயது.

1940இல் ஜெர்மானியப் படை நெதர்லாந்தையும் பிடித்தது. மறு ஆண்டு, வெளிநாட்டில் வாழ்ந்த யூதர்களின் ஜெர்மானியக் குடியுரிமை பறிக்கப்பட்டது. ஆன் நாடற்றவரானார். 1942இல், 13ஆவது பிறந்தநாளுக்கு அவருக்கு ஒரு நாட்குறிப்புப் புத்தகம் கிடைத்தது. ஒரு மாதம் முடிவதற்குள் குடும்பமே தலைமறைவானது. தந்தையின் அலுவலகக் கட்டடத்தின் பின்பகுதியில் 8 பேர் ஈராண்டுக்கும் மேலாக ஒளிந்திருந்தனர்.

1944 ஆகஸ்ட் 4ஆம் தேதி அவர்கள் பிடிபட்டனர். தாயார் அவுஷ்விட்ஸ் முகாமில் மாண்டார். பெர்கன்-பெல்சன் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்ட சகோதரிகள் இருவரும் 1945இன் தொடக்கத்தில் இறந்தனர். அப்போது ஆனுக்கு 15 வயது. எட்டுப் பேரில் உயிர் பிழைத்தவர் ஓட்டோ மட்டுமே. அலுவலக ஊழியர் மீப் கீஸ் பாதுகாத்து வைத்திருந்த மகளின் எழுத்துகளை அவர் 1947இல் நூலாக வெளியிட்டார்.

ஹிட்லருக்கு முன் பிராங்பர்ட்டில் சுமார் 30,000 யூதர்கள் வாழ்ந்தனர். அவர்களின் பெரிய வழிபாட்டு இல்லங்களுள் ஒன்று போர்னே சதுக்கத்தில் இருந்தது. 1938 நவம்பரில் அது எரிக்கப்பட்டது. 1996இல் அதே இடத்தில் நகர மக்கள் ஒரு நினைவிடத்தைத் திறந்தனர். அருகிலுள்ள பழைய யூத இடுகாட்டின் வெளிச்சுவரில் தீப்பெட்டி அளவிலான உலோகக் கட்டைகள் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. ஏறக்குறைய 12,000 கட்டைகள். ஒவ்வொன்றிலும் நாஜிகளால் உயிரிழந்த ஒருவரின் பெயர். கட்டைகள் சுவரிலிருந்து சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இறந்தோரை நினைவுகூர அவற்றின்மீது கூழாங்கல் வைத்துவிட்டுப் போவது வழக்கம். அது யூதர்களின் மரபு.

அகர வரிசையில் அமைந்த அந்தப் பெயர்களுக்கிடையே ஆனின் பெயரும் உள்ளது. உலகப் புகழ் பெற்றவர் என்பதற்காக அவருக்குப் பெரிய கட்டை இல்லை. தாயாருக்கும் அக்காளுக்கும், நாட்குறிப்பு எதையும் விட்டுச் செல்லாத மற்ற ஆயிரக்கணக்கானோருக்கும் உள்ள அதே அளவுதான்.

மாணவர்களே, ஆனின் நாட்குறிப்பு இன்று பல நூலகங்களில் கிடைக்கிறது. அதை வாசிக்கும்போது அந்தச் சுவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். நாம் அறிந்த ஒரு பெயருக்குப் பக்கத்தில், அவ்வூரில் மட்டும் நாம் அறியாத பெயர்கள் அத்தனை இருக்கின்றன.