இரேனியஸ் ஐயரும் பாளையங்கோட்டைத் திருத்துவ ஆலயமும்

பாபநாசத்தில் மலையை விட்டிறங்கும் தாமிரபரணி, திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இருகரையாக்கி ஓடுகின்றது. பாளையங்கோட்டையைச் சார்ந்த முருகன்குறிச்சியில் நிற்கும் பரிசுத்த திருத்துவ ஆலயத்தை ஊரார் ஊசிக்கோபுரம் என்றே வழங்குவர். அதனை எடுப்பித்த இரேனியஸ் ஐயர் அவ்வூசிக்கோபுரத்தைக் கண்டவரல்லர் என்பது பலர் அறியாத செய்தி.

ஐயர் 1790-ஆம் ஆண்டு பிரஷியா தேசத்திற் பிறந்தார். லுத்தரன் முறைமையில் வளர்ந்தவர். ஆயினும் அவரை 1814-இல் சென்னைக்கு அனுப்பியவர் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த சி.எம்.எஸ். சங்கத்தார். பின்வந்த பூசலுக்கு வித்து அன்றே விழுந்ததென்னலாம். 1820-இல் பாளையங்கோட்டை சேர்ந்தார். பள்ளிகளை நிறுவினார், 1826-இல் இவ்வாலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். மறுவருடம் பிரஷியாவின் டோனா பிரபு உதவிய பொருளால் டோனாவூர் உண்டாயிற்று. சமயம் மாறியதால் இடரெய்திய ஏழைகளுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றும்பொருட்டு 1830-இல் தரும சங்கத்தை ஏற்படுத்தினார்.

தமிழ் மாணவராகிய நாம் அவரை மறத்தல் தகாது. புதிய ஏற்பாட்டைப் பாமரரும் உணரும் நடையிற் பெயர்த்தார். 1832-இல் பூமிசாஸ்திரம் என்னும் நூலை வெளியிட்டார். தமிழுக்கு ஆங்கிலத்தில் இலக்கணமும் வரைந்தார்.

தம் உபதேசிமாருக்கு அத்தியட்சர் கையாலன்றி லுத்தரன் வழக்கப்படியே குருப்பட்டம் அளிக்கவேண்டுமென ஐயர் விரும்பினார், சங்கத்தார் இசைந்திலர். ஆங்கிலத் திருச்சபையின் முறைகளைக் கண்டித்தும் அவர் எழுதவே, 1835-இல் சங்கத்தார் அவரை விலக்கினர். சங்கம் தன் விதியைக் காத்தது குற்றமன்று. மனச்சாட்சிக்கு மாறாக நடவேன் என்றவரையும் குற்றஞ்சொல்ல நா எழவில்லை. துன்புற்றவர் சபையாரே. ஆர்க்காட்டுக்குச் சென்ற ஐயரை அவர்கள் வருந்தி அழைக்க, அவ்வாண்டிலேயே திரும்பினார். அன்றுமுதல் ஒரே ஊரில் இரண்டு கட்சி. ஒரே வேதத்தை வாசித்தோர் வெவ்வேறிடங்களிற் கூடினர். ஆலயமோ சங்கத்தார் வசமே இருந்தது. தாம் எழுப்பிய ஆலயம் அருகே நிற்க, ஐயர் வேறிடத்தில் ஆராதனை நடத்தினார்.

1838 ஜூன் 5-ஆம் நாள், நாற்பத்தேழாம் வயதில், அவர் காலமானார். அவருடைய துணைவரும் சபையாருட் பெரும்பாலாரும் பின்னர்ச் சங்கத்தோடு மீண்டும் இணைந்தனர். ஊசிக்கோபுரம் 1845-இல் எழுந்தது. ஆலயம் இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலித் திருமண்டலப் பேராலயமாக விளங்குகின்றது. ஐயரின் கல்லறை அதன் வளாகத்தில் இல்லை. பாளையங்கோட்டை அடைக்கலபுரத்தில் இருக்கின்றது.