பறவையறிஞர் சலீம் அலி

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் கோடியக்கரைச் சேற்றுவெளிகளுக்குப் புத்துயிர் வந்துவிடும். பூநாரைகள் அணிவகுத்து நிற்கும். வாத்துகளும் உள்ளான்களும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும். அவற்றுள் பல, சைபீரியப் பனிவெளிகளிலும் நடு ஆசியாவிலும் பிறந்தவை. இவை எங்கிருந்து வருகின்றன, எவ்வழியே திரும்புகின்றன என்று அறிவதற்கு நம் நாட்டில் வழிவகுத்த பெருமகனார் டாக்டர் சலீம் அலி ஆவார்.

1896 நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்த அவர், பத்துப் பிள்ளைகளுள் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜி எடுத்து வளர்த்தார். சிறுவனாயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன குருவி என்று மாமனுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். கழகச் செயலாளர் மில்லார்டு குருவியின் பெயரைச் சொன்னதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். அன்று பிடித்த ஆசை அவரை இறுதிவரை விடவில்லை.

கல்லூரிப் படிப்பை இடையில் விட்டுக் குடும்பத் தொழிலைக் கவனிக்கப் பர்மா சென்றார். திரும்பி வந்து விலங்கியல் கற்றார். ஆயினும் முறையான பட்டம் பெறவில்லை. அதனால் அரசாங்கப் பறவையியலார் பதவி கிட்டவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் ஒரு வேலை கிடைத்தது. 1928இல் விடுப்பு எடுத்துப் பெர்லின் சென்று, பேரறிஞர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்றார். 1930இல் திரும்பியபோது, பணமில்லையென்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்!

நண்பர்களே, நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? அவர் மனைவி தெஹ்மினாவுடன் கீகிம் என்னும் கடற்கரை ஊரில் தங்கி, தூக்கணாங்குருவியின் வாழ்க்கையை ஆராய்ந்தார். ஓர் ஆண்குருவி ஒன்றன்பின் ஒன்றாகப் பல கூடுகள் கட்டிப் பல பெடைகளோடு குடும்பம் நடத்தும் செய்தியை உலகுக்கு விளக்கினார். பின்னர்ச் சமஸ்தானங்களை அணுகி, ஊதியம் வேண்டாம், பயணச் செலவு போதும் என்று கேட்டுப் பறவைக் கணக்கெடுப்பில் இறங்கினார்.

1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் அப்பணி நடந்தது. அம்பூரியும் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கன்னியாகுமரியும் அந்நாளில் ஒரே அரசின் கீழ் இருந்தவை. அவ்வாராய்ச்சியே 1953இல் நூலாகி, 1969இல் கேரளப் பறவைகள் என விரிந்தது. உடன் உழைத்த தெஹ்மினா 1939இலேயே மறைந்தார். துயரம் அவரை வாட்டியது, பணி நிற்கவில்லை.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் பறவைக்கு வளையமிடும் திட்டத்தை அவர் தொடங்கினார். மெல்லிய வலையில் பறவையைப் பிடித்து, எண்ணும் பம்பாய் முகவரியும் பொறித்த இலேசான அலுமினிய வளையத்தைக் காலில் பூட்டிப் பறக்கவிடுவார்கள். தொலைதூர நாட்டில் ஒருவர் அதைக் கண்டு எழுதினால் பறவை சென்ற வழி புலனாகும். சத்திமுற்றப் புலவர் நாரையைத் தூது விட்டார். சலீம் அலி அத்தூதுக்கு மறுமொழி வரவும் வழி செய்தார். கோடியக்கரை இவ்வாராய்ச்சியின் பெருங்களமாயிற்று. 1967இல் அது சரணாலயமாயிற்று. 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

1976இல் பத்ம விபூஷண் பெற்றார். கெட்டி பரிசாக வந்த பெருந்தொகையின் பெரும்பகுதியை இயற்கைப் பாதுகாப்புக்கே அளித்தார். 1987இல் மறைந்தார்.

பட்டியலில் பெயர் ஏறியதால் மட்டும் பறவை வந்துவிடாது. நன்னீர் வரத்துக் குறைந்து உப்பு மிகுந்தால் சேற்றிலுள்ள புழுவும் சிற்றுயிரும் மாறிப்போகும். இரை குன்றினால் விருந்தாளியும் குறைவார். கோடியக்கரையில் இக்கவலை மெய்யாகவே எழுந்துள்ளது. அம்பூரி வழியே ஓடும் நெய்யாறு பூவாறில் கடல் சேரும் முகத்துவாரத்துக்கும் இதே நியதிதான்.

எல்லை ஊர்களிலிருந்து வந்து படிக்கும் நம்மை நோக்கி, பறவை பார்த்தால் சோறு கிடைக்குமா என்று வீட்டார் கேட்பது நியாயமே. வேலை பறிபோன ஆண்டிலேயே தம் சிறந்த ஆராய்ச்சியைச் செய்தவர் வாழ்க்கை அதற்கு ஒரு விடை. இந்தப் பனிக்காலத்தில் நீர்நிலைப் பக்கம் செல்லுங்கள். காலில் வளையமுள்ள பறவை தென்பட்டால் எண்ணைக் குறித்துக் கழகத்துக்கு எழுதுங்கள். அதற்குப் பட்டம் தேவையில்லை. கூர்ந்த கண்ணும் சிறிது பொறுமையும் போதும்.